பின் ஸ்பீக்கரில் கேட்ட காலடி

என் கணவர் என்னைப் பிரிந்து போனபோது டிவியையும் டிஸ்க் பிளேயரையும் ஐந்து ஸ்பீக்கர்களையும் விட்டுவிட்டுப் போனார். தூக்கிக்கொண்டு போக அன்றைக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்த மனிதர் எனக்குச் செய்த ஒரே நன்மை அதுதான், அதையும் அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

எனக்கு ஒரு பேக்கரியில் வேலை. ஊர் எழுந்திருக்கும் முன்னே போய் மாவு பிசைந்து, தட்டுத் தட்டாக அடுப்புக்குள் தள்ளிவிட்டு, மற்றவர்கள் வேலையைத் தொடங்குகிற நேரத்துக்கு நான் வீடு திரும்பிவிடுவேன். குளித்து, சாப்பிட்டு, ஹால் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஒரு டிஸ்கைத் துடைத்துப் போடுவேன். பேய்ப் படம், இல்லாவிட்டால் கொலைப் படம். வேறு எதுவும் எனக்கு ஒத்துவராது. காதல் படம் பார்த்து அழவேண்டிய வயதில் நான் கல்யாணம் செய்துகொண்டு அழுதேன், அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது.

பேய்ப் படத்தை ராத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். ராத்திரியில் பயப்படுவதற்குப் படம் எதற்கு? நட்டநடுப் பகலில், வெளியே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போகும்போது முதுகு சில்லிட வேண்டும், அதுதான் படம். தியேட்டரில் பயம் எல்லோருக்கும் பங்கு போய்விடும், வீட்டில் முழுப் பயமும் நமக்கே. படம் இருட்டுக்குள் போகிற ஒவ்வொரு முறையும் திரையில் நம் ஹால் தெரியும், சோபா தெரியும், தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பது தெரியும். முதல் தடவை நான் அலறியது அவளைப் பார்த்துத்தான்.

மாடியில் என் அக்காவும் அத்தானும் இருக்கிறார்கள். அப்பா விட்டுப் போன வீடு, மேலே அவர்கள், கீழே நான். அக்காவுக்குப் பேய்ப் படம் பார்க்கப் பயம், கேட்க மட்டும் கொள்ளை ஆசை. சாயங்கால டீக்கு நான் மாடி ஏறுவேன். "சொல்லுடி, இன்னைக்கு என்ன?" என்று காலை மடக்கி உட்கார்ந்துகொள்வாள். நான் கதை சொல்ல மாட்டேன். கதை எல்லாப் படத்திலும் ஒன்றுதான், போகாதே என்று சொன்ன இடத்துக்குப் போவார்கள். எனக்கு என்ன ஆனது என்பதைத்தான் சொல்வேன். பொம்மைப் படத்தில் பொம்மை என்னை ஒன்றும் செய்யவில்லை, அதைத் தைத்த அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற சத்தம்தான் கூசவைத்தது என்பேன். லிஃப்டில் நடக்கிற கொலைப் படத்தில் பாதி வரை எதுவுமே நடக்கவில்லை, ஆனால் நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து போன நான் சமையலறைக் கதவு மூடிவிடாமல் இருக்கக் கையைக் கொடுத்துத் தடுத்தேன் என்பேன். ஒரு பழைய டிஸ்கில் கறுப்பெல்லாம் சாம்பலாக வெளுத்துவிட்டது, பேய்க்கு ஒளிய இடமில்லை, பாவம் என்பேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "ஐயோ, போதும்" என்பாள். உடனே "அப்புறம்?" என்பாள்.

நாள் முழுவதிலும் எனக்கு நல்ல பொழுது அது ஒன்றுதான். மாவு திருப்பிப் பேசாது.

அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கிற வேலை அவருக்கு. யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். ஆள் பார்க்க வாட்டசாட்டமாக இருப்பார், பல்லி விழுந்தால் நாற்காலி மேல் ஏறிவிடுவார். நான் பேசும்போது டிவியில் செய்தியை ஓடவிட்டு, போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார். எப்போதாவது, "பேய்க்குப் பேயே கதை சொல்லுதா?" என்று என்னைச் சீண்டுவார். மச்சினியைச் சீண்டாத அத்தான் உண்டா? நானும் சிரித்துக்கொள்வேன்.

மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் மாடிப் படத்தைப் பார்த்தேன். அது நான் வைத்த பெயர். கறுப்பு வெள்ளைப் படம், எடுத்தவர் என்றோ இறந்துபோன ஓர் இயக்குநர். மாடி பூட்டிக் கிடக்கிற ஒரு வீட்டுக்கு ஒரு பெண் தனியாகக் குடிவருகிறாள். ஓரிடத்தில் அவள் கூடத்தில் உட்கார்ந்து கிழிந்த திரைச்சீலையைத் தைக்கிறாள். இசை கிடையாது, பேச்சு கிடையாது. தைத்துக்கொண்டே இருக்கிறாள். ஊசியை நிறுத்தி ஒருமுறை மேலே பார்க்கிறாள், மறுபடி தைக்கிறாள். அப்போது என் தலைக்குப் பின்னால், உயரத்தில், யாரோ மெதுவாக நடந்தார்கள். நின்றார்கள். மறுபடி நடந்தார்கள்.

 மாடியில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். அக்கா துணி எடுக்கக் கடைக்குப் போயிருந்தாள், அத்தானுக்கு அது அலுவலக நாள். சோபாவுக்குப் பின்னால் இருக்கிற பின் ஸ்பீக்கரில் இவ்வளவு மெல்லிய சத்தத்தை யோசித்து வைத்த மகராசன் எவனோ, அவன் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினேன்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன்.

"அவ தைக்கிறா, மேல நடக்கிறாங்க. அவ நிறுத்துறா, அவங்களும் நிக்கிறாங்க. அவளுக்குக் கேக்குதா, எனக்கு மட்டும் கேக்குதான்னே புரியலக்கா. அடுப்புக் கதவைத் திறந்ததும் மூஞ்சியில ஒரு அனல் அடிக்குமே, அப்படி அடிச்சுது. ஆனா ஜில்லுன்னு அடிச்சுது."

"எந்தப் பக்கம் கேட்டுச்சு? இடதா, வலதா?" என்றாள் அக்கா. "கறுப்பு எப்படி இருந்துச்சு, கறுப்பாவே இருந்துச்சா?"

என் அக்கா கறுப்பைப் பற்றிக் கேட்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கேட்டுக் கேட்டு இவளுக்கும் ருசி பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

டிஸ்க் வாங்க ஒரே ஒரு கடைதான் எங்கள் பக்கத்தில் மிச்சம் இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டிக்கடை அளவு இடம், அதற்குள் சுவர் முழுக்க டிஸ்க், நடுவில் கடைக்காரர். மற்றவர்கள் மூடிவிட்டுப் போனபோதும் இவர் மட்டும் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறார். மறுவாரம் போனபோது போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"வேதாளம் எழுதினதப் படிச்சீங்களா? நீங்க போன தடவ வாங்கிட்டுப் போனீங்களே, அதே படம். மனுஷன் பிச்சு உதறியிருக்கான்."

வேதாளம் என்பது புனைபெயர். வீட்டில் டிஸ்க் போட்டுப் பார்த்த அனுபவத்தை இணையத்தில் எழுதுகிற ஆள், நிறையப் பேர் படிக்கிறார்கள் என்றார். படித்தேன். 'அடுப்புக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அனல், ஆனால் சில்லென்ற அனல்' என்று இருந்தது.  கீழே தள்ளினேன். நூலைக் கடிக்கிற அம்மா இருந்தாள். கதவைத் தடுத்த கை இருந்தது. பேய்க்கு ஒளிய இடமில்லை, பாவம், அதுவும் இருந்தது. 'திரையில் தெரிந்த அவனைப் பார்த்து அலறினேன்' என்று ஒரு வரி. அவளை அவனாக்கியதுதான் வேதாளம் சொந்தமாகச் செய்த வேலை.

அதற்குக் கீழே வாசகர்கள் வரிசை கட்டி நின்றார்கள். 'நானும் அந்தக் காலடியைக் கேட்டேன், சிலிர்த்துவிட்டது' என்று ஒருவர். 'ஹெட்போனில் கேளுங்கள், மூச்சுச் சத்தம்கூட வருகிறது' என்று இன்னொருவர்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்றார் கடைக்காரர். நான் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

இந்த வார்த்தைகளை உலகத்தில் இரண்டே பேர் காதில்தான் நான் போட்டிருக்கிறேன். அதில் ஒருத்திக்குக் கடிதம் எழுதச் சொன்னாலே கை வலிக்கும். மேசையில் கவிழ்ந்து கிடந்த அந்தப் போன் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

நேராக மாடி ஏறினேன். அத்தான் வெளியே போயிருந்தார். அக்கா உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதற்கு அவள் அதிர்ச்சி அடைவாள், அவரைத் திட்டுவாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்றெல்லாம் படிக்கட்டு முழுக்க எதிர்பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

"தெரியும்டி," என்றாள், மடிப்பதை நிறுத்தாமல். "சும்மாதான் பதிஞ்சு வச்சாரு. ஆபீஸ்ல ஒருத்தரும் அவரை மதிக்கிறதில்ல. இதுல நாலு பேரு பாராட்டுறாங்க. மனுஷன் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"அது என் பேச்சுக்கா."

"பேச்சுதானே? காத்தோட போறது. நீ என்ன எழுதவா போற? உன் பேரு வந்தா என்ன, அவரு பேரு வந்தா என்ன, எல்லாம் ஒரே வீடுதானே."

"அப்ப, கறுப்பு கறுப்பா இருந்துச்சான்னு நீ கேட்டது?"

அக்கா ஒரு தலையணை உறையை எடுத்து உதறினாள். உதறியதையே மறுபடி உதறினாள்.

"அவருக்குப் பார்க்கப் பயம்டி," என்றாள் மெதுவாக. "என்னென்ன கேக்கணும்னு சொல்லிக் குடுத்தாரு."

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதையாக, என்னுடையதை எடுத்துத் தன் புருஷனுக்குப் படைத்திருக்கிறாள். அவர் திருடியதைக்கூட நான் ஒருநாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. நான் அவளுக்காகச் சொன்னேன், அவள் அவருக்காகக் கேட்டிருக்கிறாள். அந்த "அப்புறம்?" கூட எனக்குச் சொந்தமில்லை. 

அக்காவிடம் இன்னொரு சேதியும் இருந்தது. அந்த இயக்குநரின் படங்களையெல்லாம் சுத்தம் செய்து ஒரே பெட்டியாக ஒரு நிறுவனம் வெளியிடுகிறது. பெட்டிக்குள் வைக்கிற புத்தகத்தில் வேதாளத்தின் காலடிக் கட்டுரை வருகிறது, அத்தானின் சொந்தப் பெயரோடும் போட்டோவோடும். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சின்னத் திரையரங்கில் கூட்டம். அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டி, அவரைப் பேசச் சொல்லப்போகிறார்கள்.

"உனக்கும் ஒரு இடம் சொல்லி வச்சிருக்காரு," என்றாள் அக்கா, அது பெரிய தானம் மாதிரி.

அந்தப் புத்தகம் அச்சாகிவிட்டால் முடிந்தது. என் பயம் அவர் பயமாகிவிடும். அதற்குப் பிறகு நான் தெருவில் நின்று கத்தினாலும், வாழாவெட்டிக்கு வயிற்றெரிச்சல் என்றுதான் ஊர் சொல்லும். என்னிடம் சாட்சியும் கிடையாது, பேச்சுக்கு ஏது ரசீது? அந்தப் புத்தகத்தில் அவர் பெயர் வரக் கூடாது. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், அது மட்டும் நடக்கக் கூடாது.

கோபம் வந்தால் நான் வீட்டைக் கூட்டுகிறவள். கீழே வந்து சோபாவை இழுத்துப் போட்டேன், சுவரோரம் துடைப்பத்தை விட்டேன். பின் ஸ்பீக்கர்களின் வயர் இரண்டும் கழன்று தரையில் கிடந்தன. முனையில் தூசி கட்டியாகப் படிந்திருந்தது. எப்போதோ ஒரு கோபத்தில் இதே துடைப்பத்தால் நானேதான் இழுத்திருக்கிறேன். பல மாதமாகப் பின் ஸ்பீக்கர் பேசவே இல்லை.

அப்படியென்றால் அந்தக் காலடி?

வயரைச் சொருகி, கம்பளியைத் தொங்கவிட்டு, மாடிப் படத்தைப் போட்டேன். அவள் தைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. பின்னால் தள்ளி மறுபடி போட்டேன், ஒலியைக் கூட்டினேன். ஊசி துணியில் இறங்குகிற சத்தம்கூடக் கேட்டது, காலடி இல்லை. அவள் மேலே பார்க்கிற இடத்தில் படத்தை நிறுத்தி வைத்துவிட்டு யோசித்தேன்.

நிறுத்தி வைத்த படத்துக்கு மேலே, யாரோ நடந்தார்கள்.

என் உடம்பில் இருந்த மயிரெல்லாம் எழுந்து நின்றது. டிவியை அணைத்தேன். அணைத்த பிறகும் நடந்தார்கள். ஒரு கால் பதிந்தது, ஒரு கால் தேய்ந்தது. நின்றது. மறுபடி பதிந்தது, தேய்ந்தது. ரப்பர் செருப்பு.

அத்தான்.

வண்டியிலிருந்து விழுந்த நாளிலிருந்து அவருக்கு இடது முழங்கால் சரியாக மடங்காது, அந்தக் காலை இழுத்துத்தான் நடப்பார். மழை பிடித்தால் வலி கூடும், அலுவலகத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார். போனில் பேசும்போது ஓரிடத்தில் நிற்க மாட்டார். மாடிப் படம் பார்த்த அன்றைக்கு நல்ல மழை. அவர் மேலேதான் இருந்திருக்கிறார், எனக்குத்தான் அன்றைக்கு அது தோன்றவில்லை.

வெளியே போனவர் எப்போதோ திரும்பியிருந்தார். மாடிப்படி அடியில் போய் நின்று காதைக் கொடுத்தேன். அத்தானின் குரல் தெளிவாக இறங்கி வந்தது.

"ஆமாங்க, அந்தக் காலடிய முதல் தடவ நான் கேட்டப்போ அப்படியே உறைஞ்சுபோயிட்டேன். இப்பவும் காதுக்குள்ளயே கேக்குது."

கேட்காமல் என்ன செய்யும்? அவர் சொல்லச் சொல்ல அந்தக் கால் பதிந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருந்தது. நான் துடைப்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன். சத்தம் வராமல் சிரிக்க வேண்டியிருந்ததால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என் பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர் புதிதாக வருகிறவர்களிடம் ஒன்று சொல்வார்: "அவசரப்பட்டுக் கதவத் திறந்தீங்கன்னா ரொட்டி அமுங்கிடும். வாசனை வரட்டும், நாமளா திறக்க வேண்டாம்." மறுநாள் நான் மாவைப் பிசைந்த வேகத்தில் அவர் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரு மேல கோவம்?" என்றார். "ஒருத்தர் நல்லா உப்பிட்டு வர்றாரு, வெந்ததும் சொல்றேன்," என்றேன்.

அன்று சாயங்காலம் எதுவும் நடக்காதது போல மாடி ஏறினேன். அக்காவுக்கு முகமெல்லாம் நிம்மதி. கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நிறுத்தி, தெளிவாகப் பேசினேன்.

"மாடிப் படத்த மறுபடி பார்த்தேன்க்கா. நல்லா காதக் குடுத்துக் கேட்டா, அது சாதாரண நடை இல்ல. ஒரு கால் பதியுது, ஒரு கால் தேயுது. இடது கால்தான் தேயுது. ரப்பர் செருப்புன்னு நினைக்கிறேன், குதிகால் தேஞ்சுபோன செருப்பு."

அக்கா சிரித்துவிட்டாள். "என்னடி, இவரு நடக்கிற மாதிரியே சொல்ற!"

 அத்தான் தைலம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அத்தான் என்ன கொலைகாரரா?" என்றேன்.

அத்தானும் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் ஆபீஸ்லயே ஒருத்தனையும் கொல்ல முடியாம தவிக்கிறேன்," என்றார். பொய்யைக் கண்டுபிடிக்கிற தொழில்காரருக்கு உண்மை மூக்குக்கு நேராக வந்து நின்றும் தெரியவில்லை.

இரண்டு நாளில் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது. கட்டுரைக்குத் தலைப்பு 'தேயும் இடது கால்'. அந்த நடையில் ஒரு வாழ்நாள் துயரம் இருக்கிறது, அது ஒரு மாபெரும் கலைஞனின் கற்பனை என்று தன் முழங்காலைத் தானே வானளாவப் புகழ்ந்திருந்தார். 'செருப்பு அறுந்திருப்பதுகூட எனக்குக் கேட்டது' என்று ஒரு வாசகர் கீழே எழுதியிருந்தார். புத்தகத்தில் இந்தக் கட்டுரையையும் சேர்த்துவிட்டார்கள் என்று அக்கா சொன்னாள்.

கூட்டம் நடந்த அரங்கு சிறியது. திரைக்கு முன்னால் மரப்பலகை மேடை, அதன் ஓரத்தில் ஒரு மைக். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையும் தோல் செருப்புமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்கு ஷூ ஒத்துவரவில்லை. பின்வரிசையில், அவர் முகம் பக்கவாட்டில் தெரிகிற மாதிரி ஓரமாக நானும் அக்காவும். நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்துக்கொள்கிற பெண்மணி எழுந்து, நாம் அனைவரும் கேட்கத் தவறியதைக் கேட்ட காது என்று அவரைப் புகழ்ந்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

விளக்கு அணைந்தது. அவள் திரைச்சீலையைத் தைத்தாள். புதிதாகச் சுத்தம் செய்த படம், கறுப்பு கறுப்பாகவே இருந்தது, அவள் கழுத்தோரத்து முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் சிலர் தலையை ஆட்டினார்கள், ஒருவர் பக்கத்தில் இருந்தவர் கையைத் தட்டி மேலே காட்டினார். திரை வெளிச்சத்தில் பார்த்தேன், அத்தான் கண்ணை இறுக மூடியிருந்தார். ரசிக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

விளக்கு வந்ததும் ஓரத்தில் இருந்து ஒருவர் எழுந்தார். படத்தின் ஒலியைச் சரிசெய்தவர், அன்றுதான் வெளியூரிலிருந்து வந்தவர்.

"தப்பா நினைக்காதீங்க. இந்தக் காட்சிய நான் பல வாரம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கேன். இதுல காலடியே கிடையாதுங்க."

அரங்கில் சலசலப்பு எழுந்தது. தலையை ஆட்டியவர்கள் கழுத்தைச் சொறிந்துகொண்டார்கள்.

"எல்லாக் காதுக்கும் கேக்காது," என்றார் அத்தான் உட்கார்ந்தபடியே. குரல் கொஞ்சம் பிசிறியது. "கவனமாக் கேக்கணும்."

விளம்பரப் பெண்மணி தர்மசங்கடமாகச் சிரித்தார். "அப்ப இன்னொரு தடவ போடுவோம். சார் மேடைக்கு வந்து, எந்த இடத்துல கேக்குதுன்னு சொல்லட்டும்."

விளக்கு மறுபடி அணைந்தது. அவள் தைக்கத் தொடங்கினாள். இருட்டில் அத்தான் எழுந்து, படி ஏறி, மைக்கை நோக்கி மேடையில் நடந்தார்.

ஒரு கால் பதிந்தது. ஒரு கால் தேய்ந்தது.

அடியில் வெறுமையான மரப்பலகை, சத்தத்தை வாங்கிப் பெரிதாக்கிக் கொடுத்தது. மைக்கும் தன் பங்குக்கு இழுத்து எல்லா ஸ்பீக்கரிலும் விட்டது. பதிந்தது, தேய்ந்தது. திரையில் அவள் ஊசியை நிறுத்தி மேலே பார்த்தாள். அரங்கமே ஒரு குரலாக மூச்சை உள்ளே இழுத்தது.

"கேக்குது!" என்று யாரோ கத்தினார்கள். "அதோ, இடது கால்!"

"விளக்கப் போடுங்க," என்றார் ஒலிக்காரர்.

விளக்கு எரிந்தது. மேடை நடுவில் அத்தான், இடது காலைப் பாதி இழுத்தபடி நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் அவர் காலைப் பார்த்தார்கள். அவரும் குனிந்து தன் காலைப் பார்த்தார். அந்தக் கணத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளிறிப்போய், கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். நான் எழுந்து நின்று அவருக்குத் தேடுகிற வேலையை மிச்சப்படுத்தினேன்.

"அதேதான் அத்தான்," என்றேன். "எங்க வீட்டு மாடியில அன்னைக்குக் கேட்டதும் இதேதான்."

பக்கத்தில் அக்கா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். நான் விடுவித்துக்கொண்டேன்.

"இவரு மேல் மாடி, நான் கீழ் வீடு. இந்தப் படத்தப் பார்த்தது நான். என் பின் ஸ்பீக்கர் வயர் கழண்டு கிடந்துச்சு, அது எனக்குத் தெரியல. இவரு மேல போன் பேசிக்கிட்டு நடந்தாரு. படத்துல வர்ற சத்தம்னு நினைச்சு நான் பயந்தேன். பயந்தத எங்க அக்காகிட்ட சொன்னேன். இவரு அத ஒட்டுக்கேட்டு, போன்ல பதிஞ்சு, தன் பேருல எழுதிட்டாரு. படத்தப் பார்த்திருந்தா இல்லாத சத்தத்த எழுதியிருப்பாரா? இவரு பேய்ப் படமே பார்க்க மாட்டாரு. இப்பக்கூடக் கண்ணை மூடிக்கிட்டுதான் உக்காந்திருந்தாரு."

முதலில் சிரித்தது ஒலிக்காரர்தான். பிறகு அரங்கம் முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அத்தான் மேடையை விட்டு இறங்க வேண்டியிருந்தது, இறங்குவதற்கு நடக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு அடிக்கும் சிரிப்பு கூடியது. அதை நான் கண்கொட்டாமல் பார்த்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

விளம்பரப் பெண்மணி என்னிடம் வந்து, "நீங்க யாரு?" என்றார்.

"அவரு நடந்தவரு. நான் கேட்டவ."

 "இதையே எங்களுக்கு எழுதித் தருவீங்களா? இந்தத் தப்பையும் சேர்த்து?"

"எழுத வராது. சொல்றேன், எழுதிக்குங்க," என்றேன். "ஆனா பேரு என்னோடது."

வெளியே வந்தபோது அத்தான் எங்களுக்காக நிற்காமல் முன்னால் போய்விட்டிருந்தார். அக்கா என் பக்கத்தில் நடந்து வந்தாள். அழுதிருந்தாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் செய்ததற்கு வருத்தம் வரவில்லை, இப்போதும் வரவில்லை.

"சபையில அவர இப்படி நிக்க வச்சுட்டியேடி," என்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் என்னை நிக்கவே விடலையேக்கா."

 கடைகள் மூடியிருந்த தெரு, வண்டி ஏதும் வரவில்லை. முன்னால் ஒரு கால் பதிந்தது, ஒரு கால் தேய்ந்தது. நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டே வீடு வரைக்கும் போனோம்.